முலேஹேல தண்ணி பிடிக்கப் போன நாள்

கடற்கரையில வண்டி போட்டு 5வது நாள் காலையில காபி போட குழாயைத் திறந்தா தண்ணி விட்டு விட்டு வருது, பம்ப் கடகடன்னு சத்தம் போடுது, சரி டேங்க் அடியைத் தொட்டுருச்சுன்னு புரிஞ்சது. எங்க ஆர்வியோட, அதாவது வீடு மாதிரி உள்ளயே தங்குற வண்டியோட, நல்ல தண்ணி டேங்க் 150 லிட்டர்தான், ரெண்டு பேருக்கு 5 நாள் வந்ததே பெரிய விஷயம், தட்டை எல்லாம் முதல்ல பேப்பரால துடைச்சுட்டுதான் கழுவுவோம், குளியல்னா ஒரு சொம்பு அளவுல முடிச்சுக்குவோம், கடல்ல இறங்கிட்டு வந்தா உப்பு போக மட்டும் மேல ஊத்திக்கிறது. பீச்ல நல்ல தண்ணி கிடையாது, கரண்ட் கிடையாது, பலாப்பான்னு சொல்ற ஓலைப் பந்தல் ஒண்ணு, கொஞ்ச தூரத்துல ஒரு குழி கக்கூஸ், குப்பை போட பீப்பாய், அவ்வளவுதான். தினமும் ஒருத்தர் வந்து அன்னைக்கு வாடகையை பெசோல, கைல காசா வாங்கிட்டுப் போவாரு.

நாங்க இருந்தது மெக்சிகோவுல பஹியா கொன்செப்சியோன்ல, பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தோட கிழக்குப் பக்கம், கோர்தேஸ் கடல் உள்ள நுழைஞ்சு ஒரு நீளமான விரிகுடாவா கிடக்குமே அந்த இடம். சாண்டிஸ்பாக், எல் பூரோ, எல் கொயோட்டே, எல் ரெகெசோன்னு வரிசையா சின்னச் சின்ன பீச், எல்லாமே மெக்சிகோ 1ங்கற ஹைவேல இருந்து இறங்கினா வந்துரும். டிஹுவானால ஆரம்பிச்சு காபோ சான் லூகாஸ் வரைக்கும் சுமார் 1,700 கிலோமீட்டர் ஓடுற அந்த ரோடு 1973லதான் முழுசா தார் போட்டு முடிஞ்சது, அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமெல்லாம் மண் பாதைதான். தண்ணி இவ்வளவு அமைதியா இருக்கும், காலையில பாத்தா ஏரின்னுதான் நினைப்பீங்க, பெலிகன் பறவை தொப்புன்னு விழுந்து மீன் பிடிக்கிற சத்தம் மட்டும்தான் கேக்கும்.

ஆனா ஜனவரியில எல்லா நாளும் அப்படி இருக்காது. வடக்குல இருந்து ஒரு காத்து கிளம்பும், நோர்த்தேன்னு சொல்றாங்க, ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாள் விடாம அடிக்கும், நாற்காலி பறக்கும், பாயை விரிச்சு உக்கார முடியாது, கடல் முழுக்க வெள்ளை நுரையா இருக்கும். பழகினவங்க எல்லாரும் இந்தக் காத்து அடிக்கிற நாளைத்தான் டவுன் போற நாளா வச்சுக்குவாங்க. நல்ல நாள்ல கடலை விட்டுட்டு துணி துவைக்கப் போவாங்களா. தண்ணி தீர்ந்ததும் காத்து ஆரம்பிச்சதும் ஒரே காலையில நடந்தது எங்க அதிர்ஷ்டம்.

டவுன் போறோம்னா பக்கத்து வண்டிகள்ல போய் "ஏதாவது வேணுமா"ன்னு கேக்கணும், அது இங்க எழுதாத சட்டம். நாங்க வந்த ரெண்டாம் நாளே பக்கத்துல இருந்த கனடா பாட்டி எங்க கதவைத் தட்டி அப்படிக் கேட்டாங்க, அவங்களும் தாத்தாவும் பல வருஷமா ஒவ்வொரு குளிர்காலமும் இங்கயே வந்து தங்குறவங்க, அன்னைக்கு எங்களுக்கு வெங்காயமும் முட்டையும் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. இப்ப நான் நோட்டுல எழுதிக்கிட்டேன், பாட்டிக்கு முட்டை 1 கிலோ, கொத்தமல்லி, தாத்தாவுக்கு டார்ச்சுக்கு பேட்டரி, அந்தப்பக்கம் வேன்ல இருக்கிற சின்னப் பொண்ணு பையனுக்கு டோர்ட்டியா, நம்ம சப்பாத்தி மாதிரி, 1 கிலோ, ஒரு கராஃபோன் தண்ணி. கராஃபோன்னா நம்ம ஊர் கேன் தண்ணி மாதிரி 20 லிட்டர் பெரிய பிளாஸ்டிக் பாட்டில், காலி பாட்டிலை குடுத்தா நிரப்பித் தருவாங்க.

வீட்டையே ஓட்டிக்கிட்டு கடைக்குப் போறதுன்னா கிளம்பறதே ஒரு வேலை. பாத்திரத்தையெல்லாம் அலமாரியில வச்சு கொக்கி மாட்டணும், ஜன்னல் மூடணும், கேஸ் வால்வு, கூரையில இருக்கிற காத்தோட்ட மூடி, படிக்கட்டு, ஒவ்வொண்ணா நான் உள்ள பாக்க எங்க வீட்டுக்காரர் வெளிய ஒரு சுத்து வருவாரு. வண்டி சுத்தி வரும்போது கைல ஒரு கட்டையை வச்சு பின்னாடி டயரை ஒவ்வொண்ணா தட்டுவாரு, ஏன்னா பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெட்டை டயர், உள் டயர்ல காத்து போனா கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கிட்டு நிக்கும், தட்டுனா மட்டும் சத்தம் மாறும். அன்னைக்கு தட்டிட்டு "இடது உள் டயர் சத்தம் சரியில்லம்மா"ன்னாரு. கேஜ் வச்சுப் பாத்தா பாதிக்கும் கீழ. பீச்சுக்கு இறங்குற மண் ரோடு முழுக்க அலை அலையா கரடுமுரடு, அதுல எங்கயோ ஏதோ குத்தியிருக்கு. எங்ககிட்ட சின்ன கம்ப்ரசர் இருந்ததால ஊதிக்கிட்டு கிளம்பினோம், மூணு நாற்காலியை மட்டும் பலாப்பாக்கு கீழ எங்க இடம்னு அடையாளத்துக்கு விட்டுட்டு.

பக்கத்து டவுனான முலேஹே அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. தூரம் கம்மிதான், ஆனா ரோட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். ரெண்டே லேன், பல இடத்துல ஓரமே கிடையாது, வெள்ளைக் கோடு முடிஞ்ச இடத்துல தார் முடியுது, அதுக்கு அப்புறம் நேரா பள்ளம். எதிர்ல பெரிய லாரி வந்தா ரெண்டு பேரோட கண்ணாடியும் உரசாம போறதே ஒரு கணக்கு, நாங்க 70ல மெதுவாக்கி வலது பக்கம் ஒட்டிக்குவோம். முன்னாடி போற லாரி இடது இண்டிகேட்டர் போட்டா ரோடு காலியா இருக்கு நீ முந்திக்கோன்னு அர்த்தம், இல்லன்னா அவரே இடது பக்கம் திரும்பப் போறாருன்னும் அர்த்தம், அதனால முன்னாடி இடது பக்கம் ஏதாவது பாதை பிரியுதான்னு பாக்காம நான் முந்தவே விடமாட்டேன். ஊர் வந்தா தோப்பேங்கற வேகத்தடை, சிலது பெயிண்ட் கூட இல்லாம இருக்கும், வேகமா ஏறினா உள்ள அலமாரி எல்லாம் திறந்துக்கும். ராத்திரியில ஓட்டவே கூடாது, வேலி இல்லாத ஊரு, தார் ரோட்டுல சூடு இருக்குன்னு மாடுங்க வந்து படுத்துக்கும், கறுப்பு மாடு கறுப்பு ரோட்டுல கிடந்தா எப்படித் தெரியும். வழியில வண்டி நின்னு போச்சுன்னா ஏஞ்சலெஸ் வெர்தெஸ்னு, பச்சை தேவதைகள்னு அர்த்தம், அரசாங்கத்தோட உதவி வண்டிங்க ஹைவேல சுத்திக்கிட்டிருக்கும், நம்பர் 078, அதை டாஷ்போர்டுலயே எழுதி ஒட்டி வச்சிருக்கோம்.

ஊருக்குள்ள ஆர்வியை கொண்டு போகவே கூடாது. முலேஹே தெருவெல்லாம் குறுகல், ஒரு வழி, வீட்டுச் சுவர் நேரா தெருவுல முடியும். வெளியவே ஓரமா போட்டுட்டு துணி மூட்டையை தூக்கிக்கிட்டு நடந்தோம். வேலைகளை எந்த வரிசையில செய்யணும்னு ரெண்டு தடவை தப்பு பண்ணி கத்துக்கிட்டோம், முதல்ல துணி, ஏன்னா அதுக்கு நேரம் ஆகும், அடுத்து கடை, ஏன்னா மதியம் சின்னக் கடைங்க சாத்திருவாங்க, அப்புறம் கழிவு டேங்க் காலி பண்றது, கேஸ், கடைசியாத்தான் தண்ணி. தண்ணி முதல்ல பிடிச்சா 150 கிலோ எடையை சும்மா ஊர் முழுக்க சுமந்துக்கிட்டு திரியணும்.

லவண்டெரியாங்கற சலவைக் கடையில துணியை தராசுல வச்சு கிலோ கணக்குல காசு. எங்களுது 7 கிலோ வந்துச்சு. அந்த அம்மா நான் சோப்புப் பொடி குடுக்கறதுக்குள்ள வேண்டாம்னு கையை ஆட்டி, சாயங்காலம் 4ன்னு விரலைக் காட்டினாங்க. சாயங்காலம் வாங்கும்போது ஒவ்வொரு துண்டும் மடிச்சு, இவரோட கிழிஞ்ச டி-ஷர்ட்டைக் கூட இஸ்திரி போட்ட மாதிரி மடிச்சு, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி வச்சிருந்தாங்க, அஞ்சு நாள் உப்புக் காத்துல இருந்த பிறகு அந்த சோப்பு வாசனையை மூஞ்சில வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னேன்.

ஊருக்குள்ள வந்ததும் ஃபோனுக்கு சிக்னல் வந்து வாட்ஸப் எல்லாம் டிங் டிங்னு கொட்டுச்சு. ஆத்தங்கரை பக்கம் போய் அம்மாவுக்கு போன் போட்டேன், இங்க காலையில 10 மணின்னா நம்ம ஊர்ல ராத்திரி பத்தரை, தூங்காம உக்காந்திருந்தாங்க. அஞ்சு நாளா எங்க போனன்னு ஒரு திட்டு, அப்புறம் என்ன சாப்பிட்டன்னு ஒரு கேள்வி. பாலைவனத்துக்கு நடுவுல ஒரு ஆறும் ரெண்டு கரையிலும் அடர்த்தியா பனை, பேரீச்சை மரமும் நிக்கிறதை வீடியோல காட்டினேன், "தஞ்சாவூர் பக்கம் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. இந்த ஆறு அழகு மட்டும் இல்ல, 2006ல ஜான், 2009ல ஹிமெனா, 2014ல ஒடீல்னு புயல் வந்தப்பல்லாம் ஊருக்குள்ள புகுந்திருக்கு. மேட்டுல 1705ல ஆரம்பிச்ச கிறிஸ்தவ மிஷனோட கல் கோயில் இருக்கு. இன்னொரு மேட்டுல பழைய ஜெயில், இப்ப மியூசியம், அந்தக் காலத்துல கைதிங்க பகல்ல ஊருக்குள்ள வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் சங்கு ஊதினதும் தானா திரும்பி வந்துருவாங்களாம். நிஜமான சங்கு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இந்த ஊர் மேல தனி பிரியம்.

டோர்ட்டியா கடையில வரிசை. மெஷின்ல இருந்து ஒவ்வொண்ணா சுட்டு விழுந்துக்கிட்டே இருக்கு, ஊர் பொம்பளைங்க எல்லாரும் கைல ஒரு துணி கொண்டு வந்திருக்காங்க, அதுல சுத்தி வாங்கிட்டுப் போனா வீடு போற வரைக்கும் சூடா மெத்துனு இருக்கும். நானும் ஒரு காட்டன் துண்டை நீட்டினேன், கடைக்காரம்மா முகத்துல ஒரு சிரிப்பு, எடை போட்டுட்டு மேல ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சு உப்பு தூவி சுருட்டி சாப்பிடுன்னு குடுத்தாங்க. அடுத்து அபரோதெஸ், அதாவது மளிகைக் கடை. முட்டை இங்க டஜன் கணக்கு இல்ல, கிலோ கணக்கு, ஃபிரிட்ஜ்ல வைக்கிறதும் இல்ல. கொத்தமல்லி, சீரகம், பச்சை மிளகாய்க்கு பதில் சேரானோங்கற மிளகாய், எலுமிச்சை எல்லாம் நம்ம வீட்டு லிஸ்ட் மாதிரியே கிடைக்குது. மூலையில ஓட்டோட புளி. தமரிண்டோன்னு சொல்றாங்க, அரபியில தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சைன்னு அர்த்தம், அந்த வார்த்தைதான் ஸ்பானிஷ் வழியா இங்க வந்து சேந்திருக்கு. இவங்க அதை சர்க்கரை போட்டு ஜூஸா குடிக்கிறாங்க. நான் அரை கிலோ வாங்கினேன்.

கறிவேப்பிலை மட்டும் இல்ல, அதுக்கு ஒரு கதை இருக்கு. வடக்குல இருந்து வரும்போது 28வது அட்சரேகையில, கெரேரோ நேக்ரோ கிட்ட, பாஹா கலிஃபோர்னியா முடிஞ்சு பாஹா கலிஃபோர்னியா சூர் மாநிலம் ஆரம்பிக்குது, அங்க விவசாய சோதனைச் சாவடி. பழம் காய் இருக்கான்னு கேட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாத்தாங்க, ஆரஞ்சை எடுத்துக்கிட்டாங்க, அடுத்து என் கறிவேப்பிலை பொட்டலத்தை மோந்து பாத்துட்டு அதையும் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, கலிஃபோர்னியால இருந்து ஈரத்துணியில சுத்தி பத்திரமா கொண்டு வந்தது. அப்புறம் படிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேந்த மரம், ஆரஞ்சுத் தோப்பையே அழிக்கிற நோயைப் பரப்புற ஒரு குட்டிப் பூச்சி இதுலயும் குடியிருக்கும். ஒரு மாநிலத்து ஆரஞ்சு மரத்துக்காக என் ஒரு பொட்டலம் போனா போகட்டும், அவங்க செஞ்சது சரி. நீங்க போறதா இருந்தா பழம், இலை எல்லாத்தையும் அந்தக் கோட்டுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுருங்க. அங்கயே கடிகாரத்தையும் மாத்தணும், குளிர்காலத்துல தெற்குப் பக்கம் 1 மணி நேரம் முன்னாடி.

கடை முடிச்சு வண்டிக்கு வந்தா டயர் திரும்ப இறங்கியிருக்கு. ஹைவே ஓரத்துல பழைய டயரை பாதி மண்ணுல புதைச்சு வெள்ளை பெயிண்ட்ல யாந்தேரான்னு எழுதியிருந்தா அது பஞ்சர் கடை, ஒவ்வொரு ஊர்லயும் இருக்கும். ஒரு வயசான அப்பா, கூட 15, 16 வயசுப் பையன். எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் நூறு வார்த்தைக்குள்ளதான், யாந்தா போஞ்சாதான்னேன், பஞ்சர்னு அர்த்தம், அவருக்கு அதுவே போதுமா இருந்துச்சு. பையன் ஜாக்கி வச்சு தூக்கி, வெளி டயரை கழட்டி, உள் டயரை கழட்டி, தண்ணித் தொட்டில அமுக்கி சுத்திக்கிட்டே வந்தான், ஒரு இடத்துல பொடிப் பொடியா குமிழ் வந்துச்சு. ஒரு துண்டுக் கம்பி. வெளியில இருந்து சொருகி அடைக்காம டயரை ரிம்ல இருந்து பிரிச்சு உள் பக்கம் சுரண்டி, பசை தடவி, ஒட்டுப் போட்டாரு. அவசரமே இல்லாம செஞ்சாரு, ஒட்டை விரலால தடவித் தடவிப் பாத்தாரு. முடிச்சதும் நட்டு எல்லாம் குறுக்கு குறுக்கா முறுக்கிட்டு, அவரே ஒரு கட்டையை எடுத்து டயரைத் தட்டினாரு, டங்குன்னு கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் தன் கட்டையை எடுத்துக் காட்டினாரு, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. கேட்ட காசு ரொம்பக் கம்மி. நாங்க சேத்துக் குடுத்தோம், எண்ணிப் பாத்து மிச்சத்தை திருப்பித் தந்தாரு, பையனுக்குன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வச்சுக்கிட்டாரு.

கழிவு டேங்கை ஒரு ஆர்வி பார்க்ல காசு குடுத்து காலி பண்ணோம். இதைப் பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்றேன், பீச்ல சில பேர் பாத்திரம் கழுவின தண்ணியை ராத்திரி குழாயைத் திறந்து மணல்ல விட்டுர்றாங்க. காலையில குழந்தைங்க விளையாடுற மணல் அது, பத்தடியில கடல், அந்தத் தண்ணியில சிப்பி எடுத்துதான் மீனவர்கள் நமக்கே வித்துட்டுப் போறாங்க. மெக்சிகோல கடற்கரை பொதுச்சொத்து, யாரு வேணா வந்து உக்காரலாம், அந்த உரிமையை நமக்கும் குடுத்திருக்காங்கன்னா டேங்க் நிறைஞ்சதும் டவுனுக்கு ஓட்டிட்டுப் போற சிரமத்தையாவது நாம எடுத்துக்க வேணாமா.

கேஸ் நிரப்புற இடம் எப்பவும் ஊருக்கு வெளிய இருக்கும். எங்களோட சிலிண்டர் வண்டியோட அடியிலயே பொருத்தினது, கழட்ட முடியாது, அதனால வண்டியவே கொண்டு போய் நிறுத்தணும், ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாம் அணைச்சுட்டு எல்லாரும் கீழ இறங்கணும், 80 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாது. அது பத்து நிமிஷத்துல முடிஞ்சது. பெட்ரோல் பங்க்ல முழுசான்னு சொல்ல யேனோ, பச்சைக் குழாய் மாக்னா, சிவப்பு பிரீமியம், ஊத்துறதுக்கு முன்னாடி மீட்டர் பூஜ்யத்துல இருக்கான்னு பாத்துக்கணும், ஊத்துறவருக்கு சில்லறை குடுக்கறது வழக்கம். நாங்க பாதி டேங்க் ஆனதுமே எங்க பங்க் கண்டாலும் நிறுத்திருவோம், ஏன்னா வடக்குல எல் ரொசாரியோ தாண்டினா 300 கிலோமீட்டர் கிட்ட நம்பிப் போற மாதிரி பங்க் கிடையாது, நடுவுல கத்தவீஞால பீப்பாய்ல இருந்து ஊத்தி விப்பாங்க.

கடைசியா தண்ணி. புரிஃபிகடோராங்கற தண்ணிக் கடையில சுத்திகரிச்ச தண்ணி, நீளமான ஹோஸ் போட்டு நேரா டேங்க்லயே நிரப்பித் தர்றாங்களான்னு சைகையில கேட்டேன், அந்தப் பையன் ஹோஸை எடுத்து வாய்ப்பகுதியை முதல்ல கழுவிட்டு அப்புறம்தான் எங்க டேங்க்ல சொருகினான், அந்த ஒரு செய்கையே எனக்கு நிம்மதி. ஏழரை கராஃபோன் அளவு பிடிச்சது. வழிஞ்சதும் நான் கத்தினேன், அவன் நிறுத்தினான். வேன் பசங்களோட கராஃபோனையும் நிரப்பி சிங்க் கீழ இறுக்கிக் கட்டினோம்.

திரும்பி வரும்போது வண்டி கனமா, நிதானமா போச்சு, ரோடு ஒரு வளைவு திரும்பினதும் மொத்த விரிகுடாவும் கீழ தெரிஞ்சது, காத்து கொஞ்சம் அடங்கியிருந்துச்சு, தண்ணி ஓரத்துல பச்சை, நடுவுல கருநீலம். நாற்காலி ஒண்ணு பறந்து போயிருக்கு, தாத்தா எடுத்துட்டு வந்து கல்லு வச்சு நிறுத்தியிருந்தாரு. முட்டை, பேட்டரி, டோர்ட்டியா எல்லாத்தையும் வீடு வீடா குடுத்துட்டு வந்தேன், டோர்ட்டியா துணிக்குள்ள இன்னும் மெத்துனு இருந்துச்சு.

ராத்திரி ரசம் வச்சேன். தமரிண்டோவை ஊற வச்சுக் கரைச்சு, சீரகம், மிளகு, பூண்டு, கொத்தமல்லி நிறைய, கறிவேப்பிலை இல்லாமத்தான். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கப்புல ஊத்திக் குடுத்தேன், காத்துல நடுங்கிக்கிட்டு வெளிய உக்காந்து குடிச்சாங்க, பாட்டி மூக்கை உறிஞ்சிக்கிட்டே இன்னொரு கப் கேட்டாங்க. மூணு நாள் கழிச்சு திரும்ப நோர்த்தே அடிச்ச காலையில கதவைத் தட்டினாங்க, கைல நோட்டு, இன்னைக்கு நாங்க டவுன் போறோம், உனக்கு புளி எவ்வளவு வேணும்னு கேட்டுக்கிட்டே.